போயாவுக்கு முதல் நாள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு இருந்த சித்தப்பா, தாம் குடிக்கு அடிமையில்லை என்பதற்கு ஒரே சான்றைத்தான் காட்டுவார்: ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் விட்டதில்லை. அது உண்மைதான். ஆனால் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் இலங்கையில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் முதல் நாளே இரண்டு போத்தல் சாராயம் அலுமாரிக்குள் வந்துவிடும் என்பதும், காலையில் அவர் தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடிப்பார் என்பதும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தன.

அமெரிக்க மருத்துவர் ஜோன் யூவிங் 1984இல் வெளியிட்ட, குடிப்பழக்கம் பற்றிய நான்கு கேள்விகளைப் பின்னாளில்தான் படித்தேன்: குறைக்க வேண்டும் என்று எண்ணியதுண்டா, பிறர் குறைகூறியபோது எரிச்சல் வந்ததா, குற்றவுணர்வு தோன்றியதா, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா. இரண்டுக்கு 'ஆம்' என்றாலே கவனிக்க வேண்டுமாம். சித்தப்பாவிடம் அளவைக் கேட்டால், "எதிர்வீட்டுக்காரரைப் பார்" என்பார். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் அவரே அதை நம்பியிருந்தார்.

நாங்களும் சளைத்தவர்கள் அல்லர். விருந்தினர் வந்தால், கை நடுக்கத்துக்குப் 'பிரஷர்' காரணம் என்பார் சித்தி, நான் தலையாட்டுவேன்.

ஒரு போயாவுக்குச் சித்தி போத்தல்களைக் கீழே கொட்டிவிட்டார். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பதை அறியாத எங்கள் முன்னால், மறுநாள் அவருக்கு வலிப்பு வந்தது. வைத்தியசாலையில் எவ்வளவு குடிப்பார் என்று கேட்டபோது, "எப்போதாவது கொஞ்சம்" என்றார் சித்தப்பா. சித்திதான் முதன்முறையாகச் சரியான அளவைச் சொன்னார்.