முதல் எக்கோவில் தெரியாதது

அந்த அம்மாவுக்கு 46 வயது. சிறுநீரகக் கல் அடைத்து, தொற்று ரத்தத்தில் கலந்து, நள்ளிரவில் எங்கள் ஐசியூவுக்கு வந்தார். பிபி 70/40. கைகால் கதகதப்பாக இருந்தது. ட்ரிப்ஸை வேகமாக ஓடவிட்டுக்கொண்டே எக்கோ பார்த்தேன். இதயம் துள்ளித் துள்ளி அடித்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்ற அளவு, அதாவது இஎஃப், 60 சதவீதம். அது இயல்பான அளவு. வெளியே நின்ற கணவரிடம், "இதயம் நல்லா இருக்கு, கிருமிதான் பிரச்சனை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விடிவதற்குள் சிறுநீர்க் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. ரத்தக்குழாயை இறுக்கும் நார்அட்ரினலின் மருந்தில் பிபியும் ஏறிவிட்டது. ஆனால் சிறுநீர் இறங்கவில்லை, உடலுக்கு ரத்தம் போதவில்லை என்று காட்டும் லாக்டேட் குறையவில்லை. "சார், கை ஜில்லுன்னு இருக்கு" என்று சிஸ்டர்தான் முதலில் சொன்னார். விரல் நுனியை அழுத்தி விட்டேன். வெளுத்த இடம் சிவக்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. மறுபடி எக்கோ ப்ரோபை வைத்தேன். இடது கீழறை விரிந்து, சுவர்கள் சோர்ந்து அசைந்தன. இஎஃப் 30. மகாதமனிக்குள் ரத்தம் பாய்வதை அளக்கும் விடிஐ, 18 செ.மீ.யாவது இருக்க வேண்டியது, 10தான் இருந்தது.

ஒரே இரவில் இதயம் கெட்டுவிட்டதா? கொஞ்சம் கெட்டிருக்கலாம். ஆனால் முதல் எக்கோவின்போதே அது பலவீனமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்படித் தொற்று உடல் முழுக்கப் பாதிக்கும் செப்சிஸில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து கிடக்கும். எதிர்ப்பே இல்லாதபோது சோர்ந்த இதயமும் ரத்தத்தைச் சுலபமாக வெளியே தள்ளிவிடும். இறக்கத்தில் போகும் மாட்டு வண்டி மாதிரி. மாடு நோஞ்சானா என்பது மேடு வந்தால்தான் தெரியும். நார்அட்ரினலின்தான் அந்த மேடு.

இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் டிரோபோனினும் ஏறியிருந்ததால், மாரடைப்போ என்று டூட்டி டாக்டர் ஆன்ஜியோ கேட்டார். மாரடைப்பு என்றால் பெரும்பாலும் அடைத்த குழாய்க்கு உரிய பகுதி மட்டும்தான் அசையாது. இங்கே எல்லாச் சுவரும் ஒன்றுபோல் சோர்ந்திருந்தது, ஈசிஜியிலும் மாரடைப்புக்கான மாற்றம் இல்லை. அடைப்பே இல்லாமலும் செப்சிஸில் டிரோபோனின் ஏறும். ஆன்ஜியோவைத் தள்ளிவைத்தோம். (மழைக்காலத்துக் காய்ச்சலில் இப்படி இதயம் தளர்ந்தால் அக்குள், தொடையிடுக்கு எல்லாம் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுவேன். அது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலின் அடையாளம்; அந்த நோய் இதயத் தசையையே தாக்கும். அதற்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் போக வேண்டும்.)

ட்ரிப்ஸைக் குறைத்து, இதயத்தை வலுவாகச் சுருங்க வைக்கும் டோபுடமின் கொஞ்சம் சேர்த்தோம். அப்புறம் கணவரைப் பார்க்கப் போனேன்.

"நேத்து இதயம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, டாக்டர்?"

அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். பிபி இல்லாத நேரத்தில் பார்த்த படத்தை அப்படியே நம்பக் கூடாது என்பதை அவருக்குப் புரியும்படி விளக்கினேன். 1984இல் அமெரிக்காவில் மார்கரெட் பார்க்கரும் சக மருத்துவர்களும் செப்டிக் ஷாக் (செப்சிஸில் பிபி விழுந்துவிடும் நிலை) வந்த 20 பேரை ஆராய்ந்தார்கள். பிழைத்த 13 பேரில் 10 பேருக்கு இஎஃப் 40 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தது. பத்து நாளுக்குள் அது மீண்டும் சரியானது. அன்று அவருக்கு நம்பிக்கை சொல்ல என்னிடம் இருந்தது இதுதான்.

இப்போதெல்லாம் கேஸ் ஷீட்டில் இஎஃப் எழுதினால் பக்கத்திலேயே அந்த நேரத்து பிபியையும் நார்அட்ரினலின் டோஸையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாம் நாள் எக்கோவில் இஎஃப் 55. ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பிபி எவ்வளவு இருக்கும்போது பார்த்தீங்க, டாக்டர்?"

"120. மருந்தே இல்லாம" என்றேன்.