ஷோகேஸ்ல இருந்த கல்லு

ஜனவரி 11, ஞாயிறு

போகிக்கு வீடு ஒழிக்கணும்னு காலையிலயே ஆரம்பிச்சாச்சு. ஷோகேஸ்ல பழைய கப்பு, மெடலுக்கெல்லாம் பின்னாடி ஒரு கல்லு கெடந்துச்சு, கையில எடுத்ததுமே என்னன்னு தெரிஞ்சிடுச்சு. ஏழாவது படிக்கறப்ப திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு டூர் கூட்டிட்டுப் போனாங்க, அங்கேருந்து யாருக்கும் தெரியாம பைக்குள்ள போட்டு எடுத்தாந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் இழை இழையா மரத்து ரேகை, நகத்தால நெமுண்டுனா சிராய் பேந்து வரும்போல இருக்கு, தரையில தட்டுனா கல்லு சத்தம்.

அண்ணன் பையன் பாத்துட்டான். "அத்த, இது கட்டையா கல்லா?" கட்டையா இருந்து கல்லானதுடான்னு சொன்னேன். எங்க வாங்குனேன்னு கேட்டான். வாங்கல, எடுத்தாந்தேன்னேன். "கேட்டுட்டா எடுத்த?"

பதில் சொல்ல முடியல. திருப்பிக் கொண்டுபோய் குடுத்துடணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். அதுக்கு முன்னாடி நம்ம பாண்டிய சுத்தி தொல்லியல் துறை நீல போர்டு வச்சு பாதுகாக்கற எடமெல்லாம் இவனுக்கு ஒண்ணொண்ணா காட்டணும், நானே பாதி பாத்ததில்ல.

ஜனவரி 18, ஞாயிறு

அரிக்கமேடு, 2000 வருஷத்துக்கு முன்னாடி ரோமாபுரியோட கப்பல் வாணிபம் நடந்த ஊரு. அரியாங்குப்பம் பாலம் தாண்டி காக்காயந்தோப்பு பக்கம் திரும்பி ஸ்கூட்டியிலயே போயிட்டோம். நுழையறதுக்கு முன்னாடியே தொல்லியல் துறை போர்டு, பாதுகாக்கப்பட்ட சின்னத்த சேதப்படுத்துனா 2 வருஷம் வரைக்கும் ஜெயிலு, 1 லட்சம் வரைக்கும் அபராதம், 1958ம் வருஷத்து சட்டம். எனக்கு அந்தக் கல்லுதான் ஞாபகம் வந்துச்சு.

உள்ள போனா மாந்தோப்பு, தென்னை, ஆத்தங்கரை, கொடி ஏறுன ரெண்டு பழைய செங்கல் செவுரு, அவ்ளோதான். செவுரு கூட ரோமானியர் காலத்துது இல்ல, 18ம் நூற்றாண்டுல பிரெஞ்சு பாதிரிமாருங்க இருந்த கட்டடம். பையனுக்கு ஏமாத்தமா போச்சு. ஆனா இந்த மேட்டோட பெருமையே மண்ணுக்கு கீழ தான், தோண்டிப் பாத்துட்டு மறுபடி மூடிட்டாங்க. மரத்தடியில உக்கார வச்சு எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்.

1930கள்ல துப்ராய்னு ஒரு பிரெஞ்சு பேராசிரியரு பாண்டியில இருந்தாரு. இந்தப் பக்கத்து பசங்க மழை பெஞ்சா மேட்டுல பாசி மணி பொறுக்குவாங்க, அவங்ககிட்ட வாங்கிப் பாத்ததுல ஒரு கல்லுல மனுசன் தலை செதுக்கியிருந்துச்சு, ரோமாபுரி அகஸ்டஸ் ராஜாவா இருக்கும்னு அவரு நெனச்சாரு. அப்புறம் மார்ட்டிமர் வீலர்னு இங்கிலீஷ்கார தொல்லியல் அறிஞரு 1944ல மெட்ராஸ் மியூசியத்துல ஒரு அலமாரியில அரிக்கமேட்டு ஜாடி ஒடசல பாத்து அசந்துபோனாரு, அது மத்தியதரைக்கடல் பக்கத்துலேருந்து கப்பல்ல வந்த ஆம்போராங்கற ஜாடி. அப்ப பாண்டி பிரெஞ்சுக்காரங்க கையில, இருந்தாலும் 1945ல வந்து தோண்டுனாரு. இத்தாலியில அரெஸ்ஸோ ஊருல செஞ்ச செவப்பு பளபளப்புத் தட்டு ஓடு கெடச்சுது. அந்தத் தட்டு எந்தக் காலத்துதுன்னு ஐரோப்பாவுல முன்னாடியே கணக்கு வச்சிருந்தாங்க, அதனால அது கூடவே கெடந்த நம்மூரு சட்டி பானைக்கும் காலம் தெரிஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் தென்னிந்தியாவுல வேற எங்க அதே மாதிரி ஓடு கெடச்சாலும் இத வச்சு காலம் சொல்ல முடிஞ்சுது. இவ்ளோ பெரிய விஷயம் நம்ம வீட்டுலேருந்து அரை மணி தூரத்துல, பாண்டி வர டூரிஸ்டுங்க முக்காவாசி பேரு பீச்சும் ஒயிட் டவுனும் பாத்துட்டு கெளம்பிடறாங்க, எனக்கு மனசு கேக்கல.

திரும்பறப்ப பையன் சடார்னு குனிஞ்சான். உள்ளங்கையில ஒரு கண்ணாடி மணி, கடுகு விட கொஞ்சம் பெருசு, செங்கல் நெறம், நடுவுல ஊசி போற ஓட்டை. கண்ணாடிய உருக்கி குழலா இழுத்து, நூலாட்டம் நீண்டதும் துண்டு துண்டா நறுக்கி, மறுபடி சூடு காட்டி முனை மழுக்குவாங்க. அதாவது 2000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆளு இதே மேட்டுல உக்காந்து இத நறுக்கியிருக்கலாம். அம்மா சின்னப் புள்ளையில இங்க பொறுக்குன மணிய கோத்து பொம்மைக்கு போட்டோம்னு சொல்லும். நான் ஒண்ணும் சொல்லல, என்ன பண்றான்னு பாத்துட்டே நின்னேன். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான், எடுத்த எடத்துலயே வச்சு காலால மண்ண தள்ளி மூடிட்டான்.

ஜனவரி 25, ஞாயிறு

பாகூர். கன்னியக்கோயில் தாண்டி உள்ள திரும்பனா ரெண்டு பக்கமும் நெல்லு, சில வயல்ல அறுப்பு மிஷின் எறங்கியிருக்கு. மூலநாதர் கோயிலு சின்னது, ஆனா செவுரு பூரா எழுத்து. கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன் கல்வெட்டும் இங்க இருக்கு. கன்னரதேவன்னா ராஷ்டிரகூட ராஜா மூணாம் கிருஷ்ணன், 949ல தக்கோலத்துல சோழன் படைய தோக்கடிச்ச ஆளு. சண்டை நடந்தது அந்தாண்ட, ராஜா பேரு மாறுனது எங்கூரு செவுத்துல. பையன் எழுத்து மேல வெரல வச்சு தடவப் போனான், தொடாம பாருன்னேன். 'ட' மட்டும் அவனுக்கு அடையாளம் தெரிஞ்சுது, இப்ப எழுதற மாதிரியே இருக்கேன்னு குதிச்சான். எட்டு ட கண்டுபுடிச்சான்.

அதுக்கும் முன்னாடி, 9ம் நூற்றாண்டுல, பல்லவன் நிருபதுங்கவர்மன் தன்னோட 8வது ஆட்சி வருஷத்துல மூணு ஊர இங்க இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது காலேஜுக்கு, எழுதி வச்சான். பாகூர் செப்பேடு அதான். படிக்கற புள்ளைங்களுக்காக மூணு ஊரு வருமானம்!

ஜனவரி 26, திங்கள்

லீவுதானேன்னு விழுப்புரம் ரோடு. திருபுவனை பெருமாள், திருவாண்டார்கோயில், மதகடிப்பட்டு குண்டாங்குழி மகாதேவர், மூணும் அடுத்தடுத்து. திருவாண்டார்கோயில் தான் சம்பந்தர் பாடுன வடுகூர். மதகடிப்பட்டு கோயிலு ராஜராஜ சோழன் காலத்துது, ஆளே இல்ல, ஒரு ஆடு மட்டும் நெழல்ல படுத்திருந்துச்சு. அந்த அமைதிக்காகவே இன்னொரு தடவ போவேன். வெயிலு ஏறிடுச்சு, மதியத்துக்குள்ள வீடு.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்னிக்கு திருவக்கரை போறதா இருந்தோம், ஆனா தைப்பூசம், மயிலம் ரோடு பூரா காவடிக் கூட்டமா இருக்கும்னு கடலூர் மஞ்சக்குப்பத்துல அக்கா வீட்டுக்குப் போயிட்டோம். சாயங்காலம் தேவனாம்பட்டினம். புனித டேவிட் கோட்டைய 1690ல இங்கிலீஷ்காரன் மராட்டியர்கிட்ட வாங்கறப்ப, கோட்டையிலேருந்து பீரங்கி சுட்டு குண்டு எது வரைக்கும் போய் விழுதோ அது வரைக்கும் எங்க எடம்னு பேசி வாங்கியிருக்கான். குண்டு உப்பலவாடிங்கற ஊரு பேருல அந்தக் குண்டு இன்னும் இருக்குன்னு மச்சான் சொன்னாரு. 1746ல மெட்ராஸ் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போனதும் கொஞ்ச வருஷம் இதான் இங்கிலீஷ்காரங்களுக்குத் தலைமை எடம். 1758ல பிரெஞ்சு தளபதி லாலி வந்து புடிச்சு இடிச்சான், அதுக்குப் பதிலா 1761ல இங்கிலீஷ்காரங்க நம்ம பாண்டிய தரைமட்டமாக்குனாங்க. இப்ப ஆத்தோரம் இடிஞ்ச செங்கல்லுதான் மிச்சம், ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

திருவக்கரை. கைப்பையில கல்லு, பழைய கர்ச்சீப்ல சுத்தி. கடைசி அஞ்சாறு கிலோமீட்டரு குவாரி லாரிங்க தூசி, பையன் என் முதுகுல மூஞ்சிய பொதைச்சுக்கிட்டான்.

சின்ன வயசுல பாத்ததவிட மரமெல்லாம் பெருசா தெரிஞ்சுது, செம்மண்ணுல படுத்துக் கெடக்கு, பதினஞ்சு மீட்டர் நீளம் வரைக்கும் இருக்காம். சுமார் 2 கோடி வருஷம்! எதுலயும் கெளை இல்ல, வேரு இல்ல, பட்டை இல்ல. இங்க மொளச்ச மரம் இல்ல இதெல்லாம், எங்கயோ வெள்ளம் புடுங்கி உருட்டி இழுத்தாந்து மண்ணுக்குள்ள பொதைச்சதுதான். மண்ணுல ஊறுன தண்ணியில கரைஞ்சிருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமா மரத்துக்குள்ள போயி, மரம் இருந்த எடத்த கல்லு புடிச்சிடுச்சு, ரேகை மட்டும் அப்பிடியே நின்னுபோச்சு. சொனெராங்கற பிரெஞ்சுக்காரரு 1781லயே இதப் பத்தி எழுதியிருக்காரு.

கேட்டுல இருந்த பெரியவர்கிட்ட கர்ச்சீப்ப பிரிச்சுக் காட்டி, ஐயா இத நான் படிக்கறப்ப இங்கேருந்து எடுத்துட்டுப் போயிட்டேன்னேன். திட்டுவாருன்னு நெனச்சேன், குரலு நடுங்குச்சு. கையில வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "எந்தப் பக்கம்மா எடுத்தே?" எனக்கு அது ஞாபகமே இல்ல. அதச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தவரு, பையன் கையில குடுத்து, ஒரு பெரிய அடிமரத்த காட்டி, அதுக்கிட்ட செதறிக் கெடக்கு பாரு, அங்க வைய்யிப்பான்னாரு. ரெண்டு கையாலயும் ஏந்திட்டுப் போயி ரேகை மேல தெரியற மாதிரி வச்சான்.

பூங்காவ ஒரு சுத்து சுத்திட்டு, வெளிய வர்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவ அங்க போனோம். அதே செவப்பு, அதே ரேகை, அங்க கெடந்த அத்தினி சில்லும் ஒரே மாதிரி. ரெண்டு பேரும் குனிஞ்சு ரொம்ப நேரம் தேடுனோம், எதுன்னு கண்டுபுடிக்க முடியல.