பந்தல் ஒன்று, வேர் மூன்று: என் பன்னீர் திராட்சை மூன்றாம் வருடத்தில்

வீட்டுக்குப் பின்னால் மூன்று கொடிகள் நிற்கின்றன. மூன்றிலும் மேலே ஓடுவது பன்னீர் திராட்சைதான். ஒரே தாய்க்கொடியில் வெட்டிய குச்சிகள். வேர் மட்டும் வேறு வேறு. ஒன்று, கம்பம் பக்கத்து வழக்கப்படி குச்சியாகவே ஊன்றியது. அடுத்தது டாக்ரிட்ஜ் என்ற அமெரிக்கத் திராட்சை வேர்ச்செடியில் கட்டிய ஆப்பு ஒட்டு. மூன்றாவது 110 ஆர் என்ற இன்னொரு வேர்ச்செடி மேல் கட்டியது.

இந்த வேலையில் இறங்கக் காரணம் எங்கள் போர் தண்ணீர். சோதித்ததில், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் 2.3 dS/m வந்தது. திராட்சைக்கு 1 தாண்டினாலே விளைச்சல் இறங்கும். பிரான்ஸில் 1860களில் வேரைத் தின்ற ஃபிலாக்ஸெரா பூச்சிக்குப் பயந்துதான் அமெரிக்கக் காட்டுத் திராட்சை வேரில் ஒட்டுக்கட்ட ஆரம்பித்தார்கள். நாசிக், சாங்லி பக்கம் டாக்ரிட்ஜுக்குப் போனது உப்புக்கும் வறட்சிக்கும். என் கதையும் அதுதான்.

முதல் வருடம் டாக்ரிட்ஜ் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, "மூணையும் இதுலயே கட்டியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன் தண்டு கட்டைவிரல் பருமன், சொந்த வேர்க் கொடி சுண்டுவிரல். சித்திரையில் சொந்த வேர்க் கொடியின் அடி இலைகள் ஓரம் முழுக்கப் பீடி நெருப்பு வைத்ததுபோல் கருகின. தண்ணீர் உப்பிலுள்ள குளோரைடு ஏறிய அடையாளம். டாக்ரிட்ஜில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

தப்பு நடந்தது இரண்டாம் வருடம். மூன்றுக்கும் ஒரே அளவு தொழுவுரம், ஒரே அளவு யூரியா போட்டேன். டாக்ரிட்ஜ் பக்கத்து வீட்டுக் கொய்யா வரை போய்விட்டது. மார்கழியில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டுக் காத்திருந்தால், குலை வர வேண்டிய கணுவில் பற்றுக்கம்பி! குலையும் கம்பியும் ஒரே மூலத்திலிருந்து வருபவை. மொட்டு உருவாகும் நாளில் இலை அடர்ந்து நிழல் கட்டினால், குலையாக வேண்டியது கம்பியாகிவிடும். அதில் மொத்தம் 4 குலை. அந்த நாலிலும் பெரிய பழத்துக்கு நடுவே மிளகளவில் விதையில்லாப் பொடிப் பழங்கள். இளம் இலையைத் திருப்பிப் பார்த்தேன்: சின்னதாக இருந்தது, காம்பு சேரும் இடத்து வளைவு அகன்று விரிந்திருந்தது. துத்தநாகக் குறை. வேர் வலுவாக இருந்தால் எல்லாச் சத்தையும் சேர்த்து இழுக்கும் என்று நினைத்திருந்தேன். சரி, அது அப்படி இல்லை. 110 ஆர் அந்த வருடம் சத்தமில்லாமல் 14 குலை தந்தது.

எந்தச் சத்து குறைகிறது என்று பார்க்க இலைக்காம்பைச் சோதனைக்கு அனுப்பலாம்தான். கவாத்துக்கு 45 நாள் கழித்து ஐந்தாவது இலைக்காம்பு கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் எண்ணிக்கைக்கு ஒரே கொடியில் பறித்தால் கொடி மொட்டையாகிவிடும்.

அதனால் இந்த முறை கண்ணை நம்பினேன். டாக்ரிட்ஜுக்கு யூரியா கிடையாது, தண்ணீரும் பாதி. நுனி கிள்ளி வெளிச்சம் விட்டேன். பூக்கும் முன் 10 லிட்டருக்கு 20 கிராம் ஜிங்க் சல்பேட், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. 110 ஆருக்கு வழக்கமான உரம்தான்.

நேற்று எண்ணினேன். டாக்ரிட்ஜில் 11 குலை, பொடிப் பழம் இரண்டில் மட்டும். 110 ஆரில் 16. சொந்த வேர்க் கொடியில் 7, அடி இலை மறுபடி கருக ஆரம்பித்திருக்கிறது. பிடுங்கிவிட்டு அங்கேயும் ஒரு 110 ஆர் வைக்கலாம். ஆனால் அதில்தான் பழம் முதலில் கறுக்கிறது, பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள்.