கண்ணை நக்கித் தண்ணீர் குடிக்கும் பல்லி

செப்டம்பர் 13, 2023. ஸ்வாகோப்முண்ட், நமீபியா

காலையில் மணற்குன்றுகளுக்குப் போனோம். வழிகாட்டி ஒரு தடத்தைப் பார்த்து மண்டியிட்டார், கையாலேயே தோண்டினார். உள்ளங்கையில் ஒரு பல்லி! இளஞ்சிவப்பு உடம்பு. உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய தோல். முகத்தில் பாதி கண்தான். பாக்கிடாக்டைலஸ் ரேஞ்சை. 1908-லேயே அறிவியல் பெயர் பெற்றுவிட்ட பல்லி.

எல்லோரும் படம் எடுத்தோம், நானும்தான். அறைக்கு வந்த பிறகு மனசு உறுத்துகிறது. பகல் முழுக்க வளைக்குள் கிடக்கும் உயிர் அது. இமை மூடத் தெரியாத அந்தக் கண்ணில் எவ்வளவு வெயில் விழுந்திருக்கும்! இதை இதன் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். இரவில் கூட்டிப்போக வழிகாட்டியிடம் கேட்டேன். சரி என்றார்.

செப்டம்பர் 14

பலத்த காற்று. போகவில்லை. நேற்று எடுத்த படங்களில் பாதத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோல் சவ்வு. வீட்டுப் பல்லி சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு அந்த வித்தை போய்விட்டது, பதிலாக வந்தது மண்வெட்டி. சவ்வுக்குள் குருத்தெலும்பும் தசையும் இருப்பதால்தான் பொலபொல மணலை அள்ளித் தள்ள முடிகிறது.

செப்டம்பர் 15, நள்ளிரவு தாண்டி

பார்த்துவிட்டேன்!

அமாவாசை இருட்டு. கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. பெங்குவேலா என்ற கடல் நீரோட்டத்தின் குளிர்ச்சி தரும் பனி இது. இந்தக் கரையில் ஆண்டு சராசரி மழை 20 மில்லிமீட்டர்கூட இல்லை. பல உயிர்களுக்கு இந்தப் பனிதான் தண்ணீர். மங்கலான சிவப்பு விளக்கில் தூரத்தில் நின்றோம். குன்றின் சரிவில், நான்கு காலையும் ஊன்றி உடம்பைத் தூக்கி நின்றது. நெற்றியிலும் கண்ணிலும் பனி முத்து முத்தாகச் சேர்ந்தது. அப்புறம் நாக்கு வெளியே வந்தது. ஒரு கண்ணை மெதுவாக நக்கியது, பிறகு மற்றதை. ஒரே நக்கலில் கண்ணும் சுத்தம், தாகமும் தீர்ந்தது. நான் மூச்சுகூட விடவில்லை.

கிளம்பும்முன் வழிகாட்டி புறஊதா விளக்கை ஒரு நொடி காட்டினார். விலாவோரக் கோடும் கண்ணைச் சுற்றிய வளையமும் பளிச்சென்று பச்சையாக எரிந்தன. மியூனிக் ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட விஷயம் இது: தோலிலுள்ள, ஒளியைத் தெறிக்கவிடும் நிறமிச் செல்களிலிருந்து அந்தப் பச்சை வருகிறது. கோடு உடம்பின் கீழ்ப்பக்கம் இருப்பதால் மேலிருந்து வரும் எதிரிக்குச் சுலபமாகத் தெரியாது. தரையோடு நிற்கும் இன்னொரு பல்லிக்குத் தெரியும். ஆளற்ற மணலில் ஒன்றையொன்று கண்டுகொள்ள உதவலாம் என்பது அவர்களின் ஊகம். எனக்கு அதை நம்பத்தான் ஆசை. ஒரு நொடிக்கு மேல் விளக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

செப்டம்பர் 16

விடிந்ததும் அதே சரிவுக்குப் போனோம். சின்னச் சின்னக் காலடிகள், நடுவே வால் இழுத்த கோடு. கொஞ்ச தூரத்தில் தடம் மணலுக்குள் போய் முடிந்தது. வழிகாட்டி என்னைப் பார்த்தார், நான் தலையாட்டி வேண்டாம் என்றேன். சுற்றிக்கொண்டு நடந்தோம்.