பேராசிரியர் பதவி உயர்வும் ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லும்

கல்லூரியில் அரசியல் தத்துவம் கற்பிக்கும் நான், இணைப் பேராசிரியராக மூன்றாண்டுகள் நிறைவுற்றதும், பணி மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ்ப் பேராசிரியர் நிலைக்கு விண்ணப்பித்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இதற்கு முனைவர் பட்டம், 10 ஆய்வுக் கட்டுரைகள், 110 ஆய்வு மதிப்பெண் ஆகியவற்றைக் கேட்கின்றன. கட்டுரைகளுள் மூன்று மதிப்பீட்டுக் காலத்திலேயே வெளிவந்திருக்க வேண்டும்.

கோப்பைத் தயாரிக்க நான்கு மாதங்கள் ஆயின. என் கட்டுரை ஒன்றை வெளியிட்ட இதழ், மானியக் குழு அப்போது வைத்திருந்த அங்கீகார இதழ்ப் பட்டியலிலிருந்து பிற்பாடு நீக்கப்பட்டிருந்ததால், வெளியான நாளில் அது பட்டியலில் இருந்தது என்பதை நிறுவ வேண்டியிருந்தது. அன்றே அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்ததால் தப்பினேன். அந்தப் பட்டியலை மானியக் குழு 2025இல் கைவிட்டுவிட்டாலும், இளம் ஆசிரியர்கள் ஒவ்வொரு கட்டுரைக்கும் இதழின் தகுதிக்கான சான்றைத் தவறாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.

என்னை வருத்தியது வேறொன்று. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலின் ஓர் அத்தியாயத்தை, தமிழ்வழி மாணவர்களுக்காக உரிய அனுமதியுடன் ஓராண்டு உழைத்து மொழிபெயர்த்திருந்தேன். இதழ்க் கட்டுரைக்கு 10 மதிப்பெண் தரும் விதிமுறை, மொழிபெயர்த்த அத்தியாயத்துக்கு 3 தான் தருகிறது. அது போதாது என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆனால் நேர்காணலில் பாட வல்லுநர் ஒருவர் அந்த அத்தியாயத்தைத்தான் கையில் எடுத்தார். ரால்ஸ் நீதிக்கு அடிப்படையாகச் சொல்லும் 'ஃபேர்னஸ்' என்பதை, குறளின் அதிகாரப் பெயரே இருக்கும்போது, நடுவுநிலைமை என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டார். ஒருபால் கோடாமையைச் சான்றோர்க்கு அணி என்று வள்ளுவர் சொல்லும்போது அது ஒரு மனிதரின் பண்பாகிறது; ரால்ஸோ பண்பை நம்பியிராமல், தாம் எந்தக் குடும்பத்தில் எந்த வசதியோடு பிறப்போம் என்றே அறியாத நிலையில், அறியாமைத் திரைக்குப் பின்னிருந்து விதிகளைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறார்; தன்னலம் நாடுபவரும் அங்கே பொதுவான விதியையே ஏற்க நேரும் என்பதால் 'நியாயம்' என்ற சொல்லைத் தேர்ந்தேன் என்று விளக்கினேன்.

அந்தத் திரை சாதியையும் மறைக்குமா என்று இன்னொருவர் கேட்டார். பிறப்பை மறைப்பதால் சாதியும் மறையும், ஆனால் விதி எழுதி முடித்துத் திரை விலகிய பின்னும் வழக்கமாக வாழும் சாதியை விதி மட்டும் அகற்றாது என்றேன். அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்ததை நினைவுகூர்ந்தேன்.

ஐந்து மாதங்கள் கழித்துப் பதவி உயர்வு ஆணை வந்தது. அந்த இரண்டாவது கேள்விக்கு நேரில் சொன்ன விடை எனக்கு நிறைவளிக்காததால், மொழிபெயர்ப்பின் அடுத்த பதிப்புக்காக அதை விரித்து ஒரு முன்னுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.