லேப்டாப் ஸ்லோவா? குளிரத் திட்டாதீங்க

கோத்தகிரில எது ரிப்பேர் ஆனாலும் பழி குளிர் மேலதான். பக்கத்து வீட்டு அக்கா லேப்டாப்ப தூக்கிட்டு வந்து, "தம்பி, ஆன் பண்ணா டெஸ்க்டாப் வரவே மாட்டேங்குது, குளிர்ல விறைச்சுப் போச்சா?"ன்னாங்க. கூடவே ஃபயர்வால் (நெட் வழியா வேண்டாதது உள்ள வராம தடுக்கற காவல்) ஆஃப்ல இருக்குன்னு விடாம ஒரு வார்னிங் வேற.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல ஸ்டார்ட்டப் பக்கம் போனா ஆன் ஆகும்போதே எதெது கூட சேர்ந்து எழுந்திருக்குதுன்னு தெரியும், இம்பாக்ட் 'ஹை'ன்னு இருக்கறத, அதாவது ஆன் ஆகறத ரொம்ப இழுக்கறத மட்டும் பாருங்க. சாட் ஆப், கேம் லாஞ்சர், என்னமோ ஒரு அப்டேட்டர்... டிசேபிள் பண்ணா ஒண்ணும் அழியாது, வேணும்னா நாமளே திறந்துக்கலாம்.

வார்னிங் கதை வேற. லேப்டாப்போட வந்த ட்ரையல் ஆன்ட்டிவைரஸ் எப்பவோ காலாவதி, ஆனா இடத்த காலி பண்ணல. அது ஃபயர்வாலையும் தன் கைல வச்சிருந்துச்சு. அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் குடுத்தேன் (ஷட்டவுன் இல்ல, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் முழுசா அணைக்காது), அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டில போய் ஃபயர்வால ஆன் பண்ணேன், வார்னிங் போயிடுச்சு.

பிரவுசர்ல "வைரஸ்! இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு வந்தா மட்டும் அது பக்கா மோசடி, நிஜ வார்னிங்ல போன் நம்பரே இருக்காது.

இப்ப பரவால்ல. ஆனா உள்ள இருக்கறது பழைய ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாத்தினாதான் நல்ல வேகம் வரும்னேன். "ஊட்டி போறப்ப பாத்துக்கலாம் விடு"ன்னுட்டாங்க அக்கா.