சிவப்பு அடையாளங்கள்

"ரவுட்டர் வயரைக் கழட்டிட்டன் மருமகன், மறுகா என்ன செய்ய?"

கல்லடியில் மாமா வீட்டுக்குள் நுழையும்போதே இந்தக் கேள்வி. சரியாகத்தான் செய்திருந்தார்.

மைக்ரோசாஃப்ட் என்று பொய் சொல்லி, போனில் ஆங்கிலத்தில் பேசி, மாமாவின் கணினிக்குள் நுழைந்தவன் சொன்னதையெல்லாம் கொப்பியில் அழகாக எழுதி வைத்திருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் அல்லவா.

'ஈவென்ட் வியூவரைத் திற. சிவப்பு அடையாளங்களை எண்ணு.'

அதற்குக் கீழே எண்ணிக்கையும் போட்டிருந்தார்!

ஈவென்ட் வியூவர் என்பது விண்டோஸ் தன் சின்னச் சின்னப் பிழைகளையும் குறித்து வைக்கும் பதிவேடு. அந்தச் சிவப்பு நல்ல கணினியிலும் இருக்கும். என் லெப்டொப்பைத் திறந்து காட்டினேன். அவருடையதை விட அதிகம். மாமிதான் முதலில் சிரித்தார்.

இந்த ஏமாற்றுக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வெட்டுவது மரியாதையில்லை என்று நினைக்கிற மனிதர் போதும். மட்டக்களப்பில் அப்படிப்பட்டவர்களுக்கா பஞ்சம்?

வங்கிக்கு அறிவித்தோம். பாஸ்வேர்ட்களை என் போனிலிருந்து மாற்றினோம். பேரப்பிள்ளைகளின் படங்களை வெளியே எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டேன்.

அவன் ஏற்றிவிட்ட மென்பொருளை மட்டும் அழித்தால் போதாதா என்றார் மாமா. வேறு என்னத்தை ஒளித்து வைத்துவிட்டுப் போனானோ, யார் கண்டது!

அப்புறம் அவன் பேசிய நம்பரைக் கேட்டார். ஆங்கிலத்திலேயே நாலு கேள்வி கேட்க வேண்டுமாம்.

கொடுக்கவில்லை.